உலுக் கான் ஒருவரா, மூவரா? பல பெயர் சுல்தான்களைக் கண்டுபிடிப்பது பற்றி ஓர் இழை

ஜூன் 3, வாசகர் கேள்வி

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஒரு புத்தகத்தில் உலுக் கான் 1299-இல் குஜராத் மேல் படையெடுத்தார் என்று இருக்கிறது. இன்னொன்றில் 1323-இல் வாரங்கலைப் பிடித்தார், ஸ்ரீரங்கம் வரை வந்தார். மூன்றாவது புத்தகம் 1250-களிலேயே அவர் டெல்லியில் பெரிய பதவியில் இருந்தார் என்கிறது. ஒரே ஆள் என்றால் நூறு வயதைத் தாண்டியும் குதிரை ஏறியிருக்க வேண்டும். அச்சுப் பிழையா?

ஜூன் 3, இரவு

அச்சுப் பிழை இல்லை தம்பி. மூன்று புத்தகமும் சரி. ஆள்தான் மூன்று பேர்.

முதல் உலுக் கான் பிறகு கியாசுத்தீன் பால்பன் ஆனவர். சுல்தான் நாசிருத்தீன் மஹ்மூத் 1249-இல் இவர் மகளைக் கட்டிக்கொண்டு, இவருக்கு அந்தப் பட்டத்தையும் கொடுத்தார். 1266-இல் இவரே அரியணை ஏறினார்.

இரண்டாவது ஆள் அலாவுதீன் கில்ஜியின் தம்பி அல்மாஸ் பேக். அண்ணன் 1296-இல் டெல்லியைப் பிடித்ததும் தம்பிக்குக் கிடைத்த பட்டம் அது. 1299-இல் குஜராத்துக்குப் போனவர் இவர்தான், நுஸ்ரத் கானோடு சேர்ந்து. 1301-இல் ரணதம்பூர் விழுந்த பிறகு அதிக நாள் இருக்கவில்லை.

மூன்றாவது, நமக்குத் தெரிந்தவர்: முகம்மது பின் துக்ளக். பட்டத்துக்கு வருவதற்கு முன் மாலிக் ஃபக்ருத்தீன் ஜவ்னா. 1320-இல் அப்பா காஸி மாலிக் கியாசுத்தீன் துக்ளக் என்ற பெயரில் சுல்தானானதும் மகன் உலுக் கான் ஆனார். 1323 வாரங்கல் இவர் வேலை.

ஜூன் 4

காலையில் பார்த்தால் இன்னொருவர் கீழே எழுதியிருக்கிறார்: "அப்படியானால் உலுக் என்பது குடும்பப் பெயர், மூவரும் ஒரே வம்சம்." இல்லை. பால்பன் அடிமைச் சந்தையில் விற்கப்பட்டு வந்த துருக்கியர். அல்மாஸ் பேக் கில்ஜி. ஜவ்னா துக்ளக் வீட்டுப் பிள்ளை. சொந்தம் ஒன்றும் கிடையாது.

உலுக் கான் என்பது ஒரு நாற்காலி. "கலெக்டர் வந்தார், கலெக்டர் உத்தரவு போட்டார்" என்று ஊர்ப் பெரியவர் ஐம்பது வருஷக் கதையைச் சொன்னால், ஒரே கலெக்டரா ஐம்பது வருஷம் இருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. ஒருவர் போனதும் பட்டம் காலியாகும், சுல்தானுக்கு நெருக்கமான அடுத்த ஆளுக்குப் போகும். பதவி உயர்ந்தால் அவரே அதைக் கழற்றிவைத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டுக்கொள்வார்.

நான் பதிப்பகங்களுக்குப் பெயரடைவு போட்டுக் கொடுக்கிறவன். புத்தகத்தின் கடைசியில் அகரவரிசையில் பெயரும் பக்க எண்ணும் வருமே, அந்த வேலை. யாரும் படிக்காத பக்கம், ஆனால் தப்பு இருந்தால் முதலில் மாட்டுவது அதுதான். ஒரு பதிப்பகம் "இதெல்லாம் இப்போது கணினியே போட்டுவிடுகிறது" என்று என்னிடம் கொடுக்கவில்லை. புத்தகம் வந்தபோது வாங்கிப் பார்த்தேன். உலுக் கானுக்கு ஒரே பதிவு, பக்க எண் வரிசையாக. அந்த அடைவின்படி பால்பன் செத்து முப்பத்தாறு வருஷம் கழித்து வாரங்கல் கோட்டையை முற்றுகை இட்டிருக்கிறார்.

ஜூன் 4, மதியம்

"அவர்கள் ஏன் இப்படிப் பெயரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள்?" என்று கேட்கிறீர்கள். நம் ஆட்கள் மட்டும் சும்மாவா இருந்தார்கள்? அருள்மொழி ராஜராஜன் ஆனார். அவர் மகன் மதுராந்தகன் ராஜேந்திரன் ஆனார். அதற்கு முன்பே உத்தம சோழருக்கும் மதுராந்தகன் என்றுதான் பெயர். ராஜகேசரி, பரகேசரி என்று ஒருவர் விட்டு ஒருவர் மாறி மாறி வரும் பட்டத்தை வைத்துக்கொண்டு கல்வெட்டுக்காரர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். பாண்டியரில் எத்தனை சடையவர்மன் சுந்தர பாண்டியன் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள், எழுந்து போய்விடுவார். டெல்லிக்காரர்களை மட்டும் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

வித்தியாசம் என்னவென்றால், அங்கே பெயர் பல துண்டுகளாக வரும். பிறந்தபோது வைத்தது ஒன்று: அலி, முஹம்மத், யூசுஃப் மாதிரி. "பின்", "இப்னு" வந்தால் அடுத்தது அப்பா பெயர். "அபு" வந்தால் அடுத்தது பிள்ளை பெயராக இருக்கலாம், வெறும் சிறப்புப் பெயராகவும் இருக்கலாம். "-உத்தீன்", "-தவ்லா" என்று முடிந்தால் பட்டம். கடைசியில் ஊரோ குலமோ: கோரி, தாம்கானி. ஒரே மனிதரை ஒரு வரலாற்றாசிரியர் முதல் துண்டால் கூப்பிடுவார், இன்னொருவர் மூன்றாவது துண்டால். தமிழில் எழுதுகிறவர் இரண்டையும் படித்துவிட்டு இரண்டு ராஜாவாக்கிவிடுவார். என் மேசைக்கு வரும் கைப்பிரதிகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். மூவர் ஒருவரானதைவிட, ஒருவர் இருவராவது அதிகம்.

ஜூன் 6

ஒரு நண்பர் வெள்ளிக் காசு ஒன்றின் படத்தைப் போட்டு "கடைக்காரர் அலாவுதீன் கில்ஜி என்கிறார், எழுத்தில் முஹம்மத் ஷா என்று இருக்கிறது, ஏமாற்றுகிறாரா?" என்று கேட்டிருக்கிறார்.

படம் தெளிவாக இருக்கிறது. ஒரு பக்கம் "அலா அல்-துன்யா வல்-தீன்", கீழே "அபுல் முஸஃபர் முஹம்மத் ஷா", கடைசியில் "அல்-சுல்தான்". மறுபக்கம் "சிக்கந்தர் அல்-தானி", அதாவது இரண்டாம் அலெக்சாந்தர், அப்புறம் "யமீன் அல்-கிலாஃபா". காசு கில்ஜியுடையதுதான். கடைக்காரர் பாவம், சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். (விலை சரியா என்பது வேறு விஷயம்.)

அலாவுதீனுக்குப் பிறந்தபோது வைத்த பெயர் அலி. அலி குர்ஷாஸ்ப் என்று வரும். மாமனாரும் சித்தப்பாவுமான சுல்தான் ஜலாலுத்தீனை 1296-இல் காரா அருகே, கங்கைக் கரையில் கொன்றுவிட்டு டெல்லி வந்தார். காசு அடிக்கும்போது அலி போய் முஹம்மத் ஷா ஆகிவிட்டது. நம் பாடப்புத்தகத்தில் இருக்கும் "அலாவுதீன்" அந்தக் காசில் உள்ள நீளமான பட்டத்தின் சுருக்கம். அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் காசில் எங்கும் இல்லை.

அந்தக் காசின் ஓரத்தைச் சுற்றி வட்டமாக ஓர் எழுத்து வரிசை ஓடுகிறது பாருங்கள். அச்சிட்ட ஊரும் ஆண்டும் அங்கேதான். ஆண்டை இலக்கத்தில் போடாமல் சொல்லில் எழுதுவார்கள், அதுவும் ஒன்றாமிடத்திலிருந்து: 705 என்பதை "ஐந்தும் எழுநூறும்" என்று. முத்திரையைவிட வெள்ளித் துண்டு சிறியதாக இருப்பதால் பாதி வெளியே போய்விடும். உங்கள் காசில் "எழுநூறு" மட்டும் மிஞ்சியிருக்கிறது. அது ஹிஜ்ரிக் கணக்கு, கி.பி. 1300-இல் தொடங்கும் நூறு. இவர் 1316 வரை ஆண்டார். இதற்குமேல் நெருக்க முடியாது.

ஜூன் 6, இரவு

காசு என்றதும் ஒன்று சேர்க்கணும். கலீஃபா பெயரை வைத்துக் காலம் கணிக்காதீர்கள். பாக்தாதில் கலீஃபா முஸ்தஸிமை மங்கோலியர் 1258-இல் கொன்றார்கள். டெல்லிக் காசில் அவர் பெயர் அதற்குப் பிறகும் முப்பது வருஷத்துக்கு மேல் வந்துகொண்டே இருந்தது, ஜலாலுத்தீன் கில்ஜி காலம் வரை. முகம்மது பின் துக்ளக் ஒரு படி மேலே போனார். தன் பெயரையே எடுத்துவிட்டு கெய்ரோவில் இருந்த கலீஃபா முஸ்தக்ஃபியின் பெயரைப் போட்டார். அந்த முஸ்தக்ஃபி 1340-இலேயே இறந்துவிட்டார், டெல்லிக்குச் செய்தி வரத் தாமதம். ஆக, காசில் இருப்பவர் உயிரோடு இல்லை, உயிரோடு இருப்பவர் காசில் இல்லை.

அலாவுதீன் மகன் குத்புத்தீன் முபாரக் (1316–1320) என்ன செய்தார்? தன்னையே கலீஃபா என்று அறிவித்துக்கொண்டு "அல்-வாதிக் பில்லாஹ்" என்று போட்டுக்கொண்டார். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதை ஆண்ட வம்சத்தில் உண்மையாகவே ஒரு வாதிக் இருந்தார், 842 முதல் 847 வரை. புதிதாகச் சேகரிக்கிறவர் ஐந்நூறு வருஷம் பின்னால் போய்விடலாம்.

ஜூன் 9

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொன்னால் கல்லெறிவீர்கள்.

கஜினி முகமது என்று நாம் சொல்லும் ஆள் முகமது இல்லை. மஹ்மூத். யமீன் அல்-தவ்லா அபுல் காசிம் மஹ்மூத் பின் சபுக்தகின், 998 முதல் 1030 வரை கஜினியை ஆண்டவர். மஹ்மூத் வேறு, முஹம்மத் வேறு. அரபியில் ஒரே வேரிலிருந்து வந்தாலும் ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைக்கு இரண்டையும் வைப்பார்கள். தமிழில் இரண்டையும் "முகமது" ஆக்கிவிட்டோம். கோரி முகமது சரி, அவர் முஹம்மத் தான். கஜினிக்காரர்தான் மாட்டிக்கொண்டார்.

இது வெறும் எழுத்துக்கூட்டல் சண்டை என்று விட்டுவிடலாம்தான், ஆனால் கஜினியில் நிஜமாகவே ஒரு முஹம்மத் ஆண்டிருக்கிறார்! மஹ்மூதின் மகன். அப்பா 1030-இல் இறந்ததும் அரியணை ஏறினார், சில மாதத்திலேயே சகோதரர் மஸ்ஊத் அவரைப் பிடித்துக் கண்ணைக் குருடாக்கிச் சிறையில் போட்டார். பத்து வருஷம் கழித்துப் படைவீரர்கள் மஸ்ஊதைக் கவிழ்த்து இவரை மீண்டும் உட்கார வைத்தார்கள். அதுவும் நிலைக்கவில்லை, மஸ்ஊதின் மகன் மவ்தூத் வந்து தோற்கடித்துக் கொன்றார். எழுத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் "கஜினி முகமது" இந்தப் பரிதாபமான மனிதர்தான். இவர் சோமநாதரைக் கண்டதும் இல்லை, பதினேழு முறை எங்கும் போனதும் இல்லை.

ஒன்பதாவது முறை தேர்வு எழுதுகிற நண்பனை "டேய் கஜினி முகமது" என்று கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அது தமிழில் ஒட்டிக்கொண்டுவிட்டது, நானும் சொல்வேன். ஆனால் அடைவில் மஹ்மூத் என்று போட்டு, "கஜினி முகமது: காண்க மஹ்மூத்" என்று ஒரு வரி சேர்ப்பேன். ஆசிரியர்கள் பாதிப்பேர் அடிக்கக் கோபப்படுவார்கள்.

ஜூன் 10

"எம்-ஹெச்-எம்-டி எல்லாம் ஒன்றுதான், இதில் என்ன பெரிய ஆராய்ச்சி" என்றவருக்கு: பஹ்மனி வம்சத்தின் ஐந்தாம் சுல்தானை (1378–1397) ஃபெரிஷ்டா தன் வரலாற்றில் மஹ்மூத் என்று எழுதினார். அவரை நம்பி எல்லாரும் மஹ்மூத் என்றே எழுதினார்கள். காசைப் பார்த்தால் முஹம்மத். ஃபெரிஷ்டா இருநூறு வருஷம் கழித்து எழுதியவர், காசு அந்த ராஜாவே அடித்தது. யாரை நம்புவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இப்போது அவர் இரண்டாம் முஹம்மத்.

ஜூன் 12

நேற்று ஒருவர் தனியாகக் கேட்டார்: "நாசிருத்தீன் மஹ்மூத் என்று தேடினால் நாலு பேர் வருகிறார்கள், எது சரி?"

நாலும் சரி. முதல் இருவரும் அண்ணன் தம்பி, அதில்தான் வேடிக்கை. டெல்லி சுல்தான் இல்துமிஷின் மூத்த மகன் நாசிருத்தீன் மஹ்மூத், வங்காளத்தின் ஆளுநர், 1229-இல் இறந்துபோனார். டெல்லியில் சுல்தான் காரி என்ற கல்லறை அவருக்காக அப்பா 1231-இல் கட்டியது. அதன் பிறகு பிறந்த மகனுக்கும் அதே பெயரையும் அதே பட்டத்தையும் இல்துமிஷ் வைத்ததாக ஜுஸ்ஜானி எழுதுகிறார். இந்த இளையவர்தான் 1246-இல் சுல்தான் ஆனவர், பால்பனின் மாப்பிள்ளை. இவர் இல்துமிஷின் மகனே இல்லை, மூத்தவருக்குப் பிறந்த பேரன் என்று வாதிடுகிற ஆய்வாளர்களும் உண்டு. பேரன் என்றால் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே பெயர். எப்படிப் பார்த்தாலும் அடைவு போடுகிறவனுக்கு நிம்மதி இல்லை. ஜுஸ்ஜானி இந்தச் சுல்தானின் அரசவையிலேயே இருந்தவர், தன் நூலை இவர் பெயரிலேயே எழுதியவர் என்பதால் நான் "மகன்" பக்கம் நிற்கிறேன். அரசவையில் இருந்ததாலேயே பொய் சொல்லியிருக்கலாம் என்பார்கள். சொல்லியிருக்கலாம்.

மூன்றாவது, 1398-இல் தைமூர் டெல்லிக்கு வந்தபோது தப்பி ஓடிய துக்ளக் சுல்தான். நாலாவது நம் மதுரையில் இருந்தவர், கியாசுத்தீன் தாம்கானியின் சகோதரர் மகன். மதுரைக் கதையைத் தனியாக எழுதுகிறேன், இரவு வேலை கிடக்கிறது.

ஜூன் 13

எழுதுவதற்குள் திருச்சி நண்பர் முந்திக்கொண்டார்: "மதுரை சுல்தானகத்தை ஆரம்பித்தவரும் ஹசன், பஹ்மனியை ஆரம்பித்தவரும் ஹசன், இரண்டும் முகம்மது பின் துக்ளக்குக்கு எதிராக. ஒரே ஆளாக இருக்கக்கூடாதா?"

நல்ல சந்தேகம். ஆனால் ஒரே ஆள் இல்லை. மதுரைக்காரர் ஜலாலுத்தீன் அஹ்சன் ஷா. ஹசன் இல்லை, அஹ்சன். டெல்லி வரலாற்றாசிரியர் பரணி "சையத் அஹ்சன்" என்கிறார், ஃபெரிஷ்டா "சையத் ஹசன்" ஆக்கிவிட்டார் (மறுபடியும் அவர்தான்). ஊர் ஊராகப் பயணம் செய்து எழுதிய இப்னு பதூதா "ஷரீஃப் ஜலாலுத்தீன் அஹ்சன் ஷா" என்று முழுசாகச் சொல்கிறார். இப்னு பதூதா சொன்னால் நான் நம்புவேன், ஏனென்றால் டெல்லியில் இருந்தபோது இவர் மகளைத்தான் அவர் கல்யாணம் செய்திருந்தார். மாமனார் பெயரைத் தப்பாகச் சொல்லும் மாப்பிள்ளை குறைவு.

பஹ்மனிக்காரர் தக்காணத்துப் படைத்தலைவர். ஹசன் என்று பெயர், ஜஃபர் கான் என்று பட்டம், 1347-இல் தவ்லதாபாதில் அரியணை ஏறியதும் அலாவுதீன் பஹ்மன் ஷா. புத்தகங்களில் "ஹசன் கங்கு" என்று வரும். கங்கு என்ற பிராமண ஜோதிடரிடம் வேலை பார்த்து, நிலத்தில் புதையல் எடுத்து நேர்மையாகக் கொடுத்ததால் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டார், "பஹ்மனி" என்பதே "பிராமணி"தான் என்று ஃபெரிஷ்டா ஒரு கதை சொல்வார். கதை அழகு. ஆனால் அந்தச் சுல்தான்கள் தங்களைப் பழைய பாரசீக வீரன் பஹ்மனின் வழி என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். எனக்கு ஜோதிடர் கதையில் நம்பிக்கை இல்லை.

ஜஃபர் கான் என்ற பட்டமும் உலுக் கான் மாதிரிதான். அலாவுதீன் கில்ஜியின் ஜஃபர் கான் 1299-இல் கீலியில் மங்கோலியரோடு போரிட்டுச் செத்தார். இவர் ஒருவர். குஜராத்தில் ஆளுநராக இருந்து 1407-இல் முஸஃபர் ஷா என்று முடிசூட்டிக்கொண்டவரும் ஜஃபர் கான்.

ஜூன் 17

மதுரை. வேலை முடிந்தது, உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம்மிடம் ஒரு பழக்கம். பதினான்காம் நூற்றாண்டில் வடக்கிலிருந்து வந்தது எதுவானாலும் "மாலிக் காபூர் படையெடுப்பு" என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுவது. 1311-இல் வந்தது காபூர். 1318 வாக்கில் வந்தது குஸ்ரவ் கான், அவரே 1320-இல் சில மாதம் நாசிருத்தீன் என்ற பெயரில் டெல்லியை ஆண்டவர். 1323-இல் வந்தது ஜவ்னாவின் படை. திருவரங்கத்தில் பன்னீராயிரவர் கொல்லப்பட்டதாகச் சொல்லும் மரபும், அழகிய மணவாளனைத் தூக்கிக்கொண்டு பிள்ளை லோகாச்சாரியார் புறப்பட்ட கதையும் இந்த மூன்றாவதோடு சேர்ந்தவை. திருவரங்கம் கோயிலின் வரலாறு சொல்லும் கோயில் ஒழுகு மரபில் "உலுக் கான்" என்று வரும்போது பால்பன் செத்து நெடுநாள், அல்மாஸ் பேக் செத்து இருபது வருஷம். ஆண்டை முதலில் பிடித்துக்கொண்டால் ஆள் தானாக வந்து நிற்பார்.

காபூர் என்ற பெயரும் தனி ஆளுக்குச் சொந்தமில்லை. கற்பூரம், முத்து என்று அடிமைகளுக்கு வாசனைப் பொருள், மணிப் பெயர் வைப்பது வழக்கம். எகிப்தை 946 முதல் 968 வரை கையில் வைத்திருந்தவரும் ஒரு காபூர், அவரும் காயடிக்கப்பட்டவர், அவரும் அடிமையாக வாங்கப்பட்டவர். அவருடைய எஜமானர் பெயர் முஹம்மத் பின் துக்ஜ். தமிழில் ஒருமுறை எழுதிப் பாருங்கள், பக்கத்தில் முஹம்மத் பின் துக்ளக் என்றும் எழுதுங்கள். ஒரு மெய்ப்புத் திருத்துபவர் முதலாவதை "பிழை" என்று அடித்து இரண்டாவதாகத் திருத்தி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். நைல் நதிக்கரையில் துக்ளக்!

சரி, மதுரை சுல்தான்கள். அஹ்சன் ஷாவுக்குப் பிறகு அலாவுதீன் உதவ்ஜி, குத்புத்தீன், கியாசுத்தீன் தாம்கானி, நாசிருத்தீன் மஹ்மூத், அப்புறம் இன்னும் சிலர், கடைசியில் அலாவுதீன் சிக்கந்தர் ஷா. பட்டியலைப் பார்த்ததும் தெரியும்: டெல்லிப் பட்டங்கள் அப்படியே இங்கே இறங்கியிருக்கின்றன. அலாவுதீன், குத்புத்தீன், கியாசுத்தீன், நாசிருத்தீன் என்று மட்டும் ஒரு கட்டுரை சொன்னால் டெல்லியா மதுரையா என்று யாருக்கும் தெரியாது.

ஜூன் 6-இல் காசு பற்றி எழுதினேன் அல்லவா, அங்கே போய் மறுபடி பாருங்கள். கில்ஜி காசில் "அலா... சிக்கந்தர்". மதுரையின் கடைசி சுல்தானும் அலாவுதீன் சிக்கந்தர். ஒருவருக்கு சிக்கந்தர் என்பது பெருமைப் பட்டம், இன்னொருவருக்கு அதுவே பெயர். நடுவில் அறுபது வருஷ இடைவெளி. தென்பாண்டி நாட்டில் கிடைக்கும் தடித்த சின்னச் செப்புக் காசில் எழுத்து பாதி தேய்ந்து "சிக்கந்தர்" மட்டும் தெரிந்தால், "கில்ஜி காசு, காபூர் கொண்டுவந்தது" என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கில்ஜி வெள்ளித் தங்காவோ அகலமும் மெல்லிசும், பதினொரு கிராம் அளவு எடை. கையில் வைத்தாலே தெரியும். படத்தில் தெரியாது. அதனால்தான் படத்தைப் போடும்போது எடையையும் எழுதச் சொல்கிறேன்.

இப்னு பதூதா கியாசுத்தீன் தாம்கானியோடு இங்கேயே இருந்தார். இவர் மனைவியும் அவர் மனைவியும் அக்கா தங்கை, அஹ்சன் ஷாவின் பெண்கள். கொள்ளை நோயில் தாம்கானியும் அவர் அம்மாவும் மகனும் அடுத்தடுத்து இறந்ததை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். போசள அரசர் மூன்றாம் வல்லாளரைக் கொன்று வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததையும் பார்த்தார். அங்கே அவர் "பலால் தேவ்".

ஜூன் 18

"அவர்கள் நம் ராஜாக்களின் பெயரை எப்படி எழுதினார்கள்?" நேற்றைய பலால் தேவைப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கேள்வி என்று நினைக்கிறேன். வாரங்கல் பிரதாபருத்திரர் பாரசீக நூல்களில் "லுத்தர் தேவ்". மாறவர்மன் குலசேகர பாண்டியர் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுத்தில் "கலேஸ் தேவர்". அவர் மகன் "சுந்தர் பாண்டி". கடைசியது எங்கள் தெருவில் டீக்கடை வைத்திருப்பவர் மாதிரி இருக்கிறது.

ஜூன் 20

டெல்லியை விட்டு வெளியே கேட்கிறவர்களுக்குக் கொஞ்சம்.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே பெயர் என்பது அபூர்வமில்லை. கோரி சகோதரர்கள் இருவருமே முஹம்மத். அண்ணன் முதலில் ஷம்சுத்தீன், பிறகு கியாசுத்தீன். தம்பி முதலில் ஷிஹாபுத்தீன், பிறகு முயிசுத்தீன். 1192 தராவடிப் போரில் பிருதிவிராஜனை வென்றவர் தம்பி. ஷிஹாபுத்தீன் கோரி, முயிசுத்தீன், முகமது கோரி மூன்றும் இந்த ஒருவர்தான். வீட்டில் அம்மா இருவரையும் ஹபஷி, ஸங்கி என்று கூப்பிட்டதாக ஜுஸ்ஜானி சொல்கிறார். பட்டம் எத்தனை மாறினாலும் அம்மாவுக்கு ஸங்கிதான். அப்பாசியரில் முதல் இரண்டு கலீஃபாக்களும் அண்ணன் தம்பி, இருவரும் அப்துல்லாஹ். அதனால்தான் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை: ஒருவர் சஃபாஹ், மற்றவர் மன்சூர். 762-இல் பாக்தாதை நிறுவியவர் மன்சூர்.

சலாதீனின் சொந்தப் பெயர் யூசுஃப். அவர் தம்பி அல்-ஆதில், சைஃபுத்தீன். சிலுவைப் போர்க்காரர்கள் அவரை "சஃபாதின்" என்று எழுதிவைத்தார்கள். அந்தப் பெயரைப் பார்த்து யாரோ புது ஆள் என்று நினைத்து அடைவில் தனிப் பதிவு போடாதீர்கள்.

ஆனால் என் பட்டியலில் முதல் பரிசு ஈரானை 1304 முதல் 1316 வரை ஆண்ட இல்கான் (அங்கிருந்த மங்கோலிய அரசர்களின் பட்டம்) உல்ஜைத்துவுக்கு. மங்கோலியப் பிள்ளை. குழந்தையில் ஞானஸ்நானம் கொடுத்து நிக்கோலாஸ் என்று பெயர் வைத்தார்கள். பிறகு முஸ்லிமாகி முஹம்மத் குதாபந்தா, "கடவுளின் அடிமை". அவரைப் பிடிக்காதவர்கள் அதையே கொஞ்சம் திருகி "கர்பந்தா", கழுதைக்காரன் என்றார்கள். சுல்தானியாவில் அவர் கல்லறை ஐம்பது மீட்டர் அளவு உயரக் குவிமாடத்தோடு இன்னும் நிற்கிறது. அவருக்கு முன் ஆண்ட சின்னத் தாத்தா (தாத்தாவின் தம்பி) ஒருவர் தேகுதார், முஸ்லிமாகி அஹ்மத் ஆனார். அவருக்கும் குழந்தையில் நிக்கோலாஸ் என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள்!

ஜூன் 21

தேர்வுத் தம்பி மறுபடி வந்து "கிரானடாவின் கடைசி அரசர் போஅப்தில் என்கிறார்கள், பதினோராம் முஹம்மத் என்கிறார்கள், பன்னிரண்டாம் முஹம்மத் என்றும் இருக்கிறது, எதை எழுதுவது?" என்கிறார்.

போஅப்தில் என்பது "அபு அப்தில்லாஹ்" ஸ்பானியர் வாயில் பட்ட பாடு. அவர் அப்பா அபுல் ஹசன் அங்கே "முலே அசேன்" ஆனார், சியரா நெவாடாவின் மிக உயர்ந்த சிகரத்துக்கு அவர் பெயர், முலாசேன். சித்தப்பாவும் ஒரு முஹம்மத், எல் ஸகல் என்பார்கள். சித்தப்பாவையும் மகனையும் மாற்றி மாற்றி எண்ணியதால்தான் இந்தக் குழப்பம்: போஅப்திலைப் பதினொன்று என்று எண்ணினால் சித்தப்பா பன்னிரண்டு, பன்னிரண்டு என்று எண்ணினால் சித்தப்பா பதின்மூன்று. ஆக, "பன்னிரண்டாம் முஹம்மத்" என்று மட்டும் ஒரு நூலில் இருந்தால் அது இருவரில் யாராகவும் இருக்கலாம்.

நான் எண்ணே போடுவதில்லை. "முஹம்மத், அபுல் ஹசன் மகன், 1492 ஜனவரி 2-இல் கிரானடாவை ஒப்படைத்தவர்" என்று எழுதுவேன். தேர்வில் எண் கேட்டால் உங்கள் பாடப்புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதையே எழுதுங்கள். விடைத்தாள் திருத்துகிறவர் அதைத்தான் வைத்திருப்பார்.